பெயர் வேண்டாம் என்ற கலை விமர்சகர்: ஆனந்த குமாரசுவாமி

மலாயாவில் ஆசிரியராக இருந்த எஸ். துரைராஜசிங்கம், அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமிக்குக் கடிதம் எழுதி, அவருடைய வாழ்க்கை விவரங்களைக் கேட்டார். அவரைப் பற்றி ஒரு நூல் கொண்டுவர வேண்டும் என்பது துரைராஜசிங்கத்தின் ஆசை. 1946இல் பதில் வந்தது; விவரம் வரவில்லை. என் வாழ்க்கைச் செய்திகளில் எனக்கு அக்கறையே இல்லை, பெயர்பெற்றவர்களின் சொந்த வாழ்க்கையை அச்சிலேற்றும் இக்கால வழக்கம் வெறும் வம்பு ஆசைக்குத் தீனி போடுவதுதான் என்ற பொருளில் குமாரசுவாமி எழுதியிருந்தார். அடக்கத்தால் இப்படிச் சொல்லவில்லை, இது என் கொள்கை என்றும் சேர்த்துக்கொண்டார்.

துரைராஜசிங்கம் சளைக்கவில்லை. கடிதங்கள், புகைப்படங்கள், நண்பர்களின் நினைவுக் கட்டுரைகள் என்று கிடைத்ததையெல்லாம் பல பத்தாண்டுகள் சேர்த்துத் தொகுப்பு மேல் தொகுப்பாக வெளியிட்டார். குமாரசுவாமியைப் பற்றி இன்று யார் எழுத உட்கார்ந்தாலும் அந்தத் தனிமனிதரின் உழைப்புக்குக் கடன்பட்டுத்தான் எழுத முடியும்.

அந்தக் கடிதத்தை ஒரு பெரிய மனிதரின் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளைச் செய்தவன் யார் என்பது முக்கியமல்ல. எதற்காகச் செய்தான், என்ன தெரிந்து செய்தான் என்பதே முக்கியம் என்று குமாரசுவாமி வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். கண்டி நாட்டு மரச்செதுக்கு, ராஜபுத்திர ஓவியம், சோழர் செப்புத்திருமேனி எல்லாவற்றையும் அவர் இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். அவர் நமக்குத் திறந்து காட்டியவை இதனால்தான் கிடைத்தன. அவர் பார்க்கத் தவறியவையும் இதே இடத்தில்தான் இருக்கின்றன.

தமிழர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், அவர் எழுதிய 'சிவ நடனம்' கட்டுரையால் நடராசர் நினைவுக்கு வருவார். அது போதாது. அவருடைய எழுத்தின் வேர் சிதம்பரத்தில் இல்லை; கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் இருக்கிறது.

குடும்பத்திலிருந்து தொடங்கலாம். தந்தை சர் முத்து குமாரசுவாமி கொழும்பின் செல்வாக்கு மிக்க தமிழர். 1863இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் வழக்கறிஞராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ஓர் இந்துவுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தார். பாலி மொழியிலிருந்து சுத்த நிபாதத்தை மொழிபெயர்த்தார். சைவக் குடும்பத்துத் தமிழர் ஒருவர் பௌத்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மகனின் எழுத்தில் சைவமும் பௌத்தமும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு வீட்டிலேயே முன்மாதிரி இருந்தது. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துவின் சகோதரியின் பிள்ளைகள். ஆனந்தருக்கு அத்தை மகன்கள்.

தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். ஆனந்தர் 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தாயும் குழந்தையும் இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது, பின்தொடர்ந்து செல்லவிருந்த முத்து 1879 மே மாதம் கொழும்பில் காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. வளர்ப்பு முழுக்க இங்கிலாந்தில். க்ளஸ்டர்ஷைரில் பள்ளி, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும். 1900இல் பட்டம்.

ஆகவே நமக்குப் பழக்கமான ஆனந்த குமாரசுவாமி முதலில் ஒரு நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தார். 1904இல் சபரகமுவப் பகுதி ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கனமான கறுப்புப் படிகம் ஒன்று பிறகு தோரியனைட் என்று பெயர் பெற்றது. அந்தக் கனிமத்தின் வரலாற்றில் அவர் பெயரும் இருக்கிறது. இலங்கை நிலவியல் ஆய்வுகளுக்காக 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் கொடுத்தது. அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் ஒரு நல்ல விஞ்ஞானியாக ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் பாறையைப் பார்க்க ஊர் ஊராகப் போகவேண்டியிருந்தது. போன இடங்களில் பாறையைவிட வேறொன்று அவர் கண்ணில் பட்டது. கண்டி இராச்சியம் 1815இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அதுவரை அங்கே தச்சர், கொல்லர், பொற்கொல்லர், ஓவியர் போன்றோர் அரசனுக்கும் கோயிலுக்கும் செய்யும் ஊழியத்துக்கு ஈடாக நிலம் வைத்திருந்தார்கள். நம் ஊர்க் கோயில் மானியம் போல ஓர் ஏற்பாடு. வேலைக்கு விலை இல்லை. வேலை செய்பவனுக்குச் சாப்பாடு உறுதி. அரசன் போனபின் அந்த ஏற்பாடு தளர்ந்தது. இறக்குமதித் துணி, ஆலைச் சாமான், இரசாயனச் சாயம் எல்லாம் வந்தன. தொண்ணூறு ஆண்டு கழித்து குமாரசுவாமி போனபோது கடைசித் தலைமுறைக் கைகள் மட்டும் மிச்சமிருந்தன.

அவர் ஊர்க் குடும்பங்களோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தார். உடன் வந்த மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கைவினைகளையும் காப்பாற்றும் பொறுப்பு உங்களுடையது என்று வேண்டினார். அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. ஐரோப்பிய உடையும் பழக்கமும் சிந்தனையில்லாமல் பரவுவதை எதிர்த்த சங்கம் அது, அவர்தான் தலைவர். இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவர், இங்கிலாந்தைப் பார்த்து நடக்காதீர்கள் என்று சொல்ல வந்தார். அவருக்கு இங்கிலாந்து நன்றாகத் தெரியும் என்பதால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. ஆலைகள் இங்கிலாந்தின் கைவினைஞனுக்கு என்ன செய்தன என்பதை கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் அங்கே முன்பே எழுதிவிட்டார்கள். குமாரசுவாமி அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டியைப் பார்த்தார்.

இதன் விளைவு 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூல். அது உருவான விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இலங்கையிலிருந்து திரும்பிய குமாரசுவாமியும் எதெலும் க்ளஸ்டர்ஷைரின் பிராட் கேம்டன் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். கைவினை இயக்கத்தின் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ, இடிந்து கிடந்த ஒரு பழைய தேவாலயத்தை அவர்களுக்கு வீடாக்கிக் கொடுத்தார். ஆஷ்பீயின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகமும் குமாரசுவாமியின் கைக்கு வந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை வில்லியம் மாரிஸ் தன் புகழ்பெற்ற பதிப்பாக அச்சிட்ட கைப்பொறி அங்கே இருந்தது. அதே பொறியில், கையால், 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை 425 பிரதிகள் அச்சிட்டார்கள். கையால் செய்யப்பட்ட பொருள்களைப் பற்றிய நூலைக் கையால்தான் அச்சிடவேண்டும் என்று அவர் நினைத்தது எனக்கு வெறும் ஆசையாகப் படவில்லை. எழுதிய கருத்துக்கு அச்சிடும் முறையிலும் நேர்மையாக இருந்தார்.

நூலுக்குள் என்ன இருக்கிறது? அழகு, மேதைமை என்ற பேச்சு குறைவு. சமூக அமைப்பும் கைவினைஞரின் நிலையும் என்று உபதலைப்பிலேயே போட்டிருக்கிறார். எந்தச் சாதியார் எந்த வேலை செய்தார்கள், அவர்களுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது, பையன் தொழிலை எப்படிக் கற்றான், எந்தக் கோட்டை முதலில் வரையப் பழகினான் என்றெல்லாம் விரிவாகப் போகிறது. கொடி, பூ, அன்னம், யாளி போன்ற அலங்கார வடிவங்கள் ஒவ்வொன்றும் பெயரோடும் படத்தோடும் பதிவாகியிருக்கின்றன. பாறையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துப் பழகிய மூளை இங்கே வேலை செய்திருக்கிறது.

அதில் பதிவான ஒரு சடங்கைச் சொல்கிறேன். புத்தர் சிலை முழுக்கச் செய்து முடித்தபின் கடைசியாகக் கண் தீட்டுவார்கள். அதுவரை அது வெறும் கல் அல்லது மண். கண் வந்த நொடியிலிருந்துதான் வழிபாட்டுக்குரிய உருவம். நாழிகை பார்த்து, பெரும்பாலும் விடியுமுன், கைவினைஞர் மட்டும் உள்ளே இருப்பார். சிலையின் பார்வை நேரே தன்மேல் விழக்கூடாது என்பதால் கண்ணாடியில் பார்த்தபடி தீட்டும் வழக்கமும் உண்டு. தமிழ்நாட்டு ஸ்தபதிகளின் கண் திறப்புச் சடங்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குமாரசுவாமி இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் இல்லை, விநோதம் என்று வியக்கவும் இல்லை. சிலை செய்தவன் தன் வேலை எங்கே முடிகிறது என்று நினைத்தானோ அதை அப்படியே எழுதினார். கலை விமர்சனத்தில் இது பெரிய மாற்றம். பார்வையாளனின் இரசனையை விட்டுவிட்டு, செய்தவனின் அறிவிலிருந்து தொடங்கும் விமர்சனம் இது.

அந்த மாற்றம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு 1910இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டமே சாட்சி. இந்தியக் கலை பற்றி ஈ.பி. ஹேவல் உரையாற்றினார். இவர் ஒருகாலத்தில் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். கூட்டத் தலைவர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியக் கைவினைகளைப் பற்றிப் புகழ்ந்து நூல் எழுதியவர். ஆனாலும் இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்பது அவர் துணிபு. ஜாவாவின் அமர்ந்த புத்தர் சிலை ஒன்றைக் காட்டி, ஆசையற்ற தூய்மைக்கும் ஆன்ம அமைதிக்கும் இதைச் சின்னம் என்றால் கொழுப்புச் சேர்த்து அவித்த மாவுருண்டையும் அதே அளவு பொருந்தும் என்றார். லண்டன் கலையுலகில் கொந்தளிப்பு. ஓவியர்களும் எழுத்தாளர்களுமாக 13 பேர் டைம்ஸ் பத்திரிகையில் மறுப்பு வெளியிட்டார்கள். ஹேவல், ஓவியர் ரோத்தன்ஸ்டைன், குமாரசுவாமி முதலியோர் சேர்ந்து அந்த ஆண்டே இந்தியா சொசைட்டியைத் தொடங்கினார்கள்.

பேர்ட்வுட்டை இன்று திட்டுவது எளிது. ஆனால் அவருடைய வாதத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: மனித உடலைத் தசைநார் தெரியச் செய்தால்தான் சிற்பம். கிரேக்கச் சிற்பத்தை அளவுகோலாக வைத்தால் புத்தர் தோற்கத்தான் செய்வார். குமாரசுவாமி 'எங்கள் சிலையும் அழகுதான்' என்று கெஞ்சும் வழியில் போகவில்லை. அளவுகோலையே மறுத்தார். சிற்பி உடலைப் பார்த்துச் செய்யவில்லை. தியான சுலோகத்தை உள்ளே வாங்கி, மனத்தில் உருவைக் கண்டு, பிறகு கையை நகர்த்தினான். ஆகவே உடலைப் போல் இருக்கிறதா என்று கேட்பதே தவறான கேள்வி என்றார்.

இந்தியாவுக்குள்ளும் அவர் பேச்சு எல்லோருக்கும் இனிக்கவில்லை. சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம். மான்செஸ்டர் துணியைப் போலவே மோசமான துணியை இங்கே நெய்தால் அது சுதேசியாகிவிடாது என்ற போக்கில் எழுதினார். வீடு வீடாக மாட்டியிருந்த ரவிவர்மா படங்களை நாடகத்தனம், கற்பனை வறட்சி என்று கண்டித்தார். இந்தக் கண்டனத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. கோயிலுக்குள் போக அனுமதிக்கப்படாத எத்தனையோ பேரின் வீட்டுச் சுவருக்கு அச்சுப் படம்தான் தெய்வத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பயனை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

1910, 1911 ஆண்டுகளில் வட இந்தியாவில் சுற்றினார். அலகாபாத் கண்காட்சியில் கலைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அப்போது அவர் வாங்கிச் சேர்த்த சிற்றோவியங்களிலிருந்துதான் 1916இல் 'ராஜபுத்திர ஓவியம்' என்ற இரண்டு தொகுதிகள் பிறந்தன. அதுவரை இந்தியச் சிற்றோவியம் எதுவானாலும் மொகலாயர் அல்லது பாரசீகம் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்கள். இராஜஸ்தான் சமவெளியிலும் ஜம்மு, காங்ரா மலைநாட்டிலும் தனித்த ஓவிய மரபுகள் இருந்தன என்று பிரித்துக் காட்டியவர் இவர். கிருஷ்ணனும் ராதையும் இராகமாலையும் நிறைந்த அந்த உலகம் இன்று நாட்காட்டி வரைக்கும் வந்துவிட்டதால், யாரோ ஒருவர் முதலில் அதைத் தனியாக அடையாளம் காண வேண்டியிருந்தது என்பது மறந்துபோகிறது.

ஆனால் இங்கேதான் பெயரைப் பற்றிய அவருடைய கொள்கை அவரைக் கைவிட்டது. ராஜபுத்திர ஓவியம் மக்களின் பக்தியிலிருந்து எழுந்தது, மொகலாய ஓவியம் அரசவையின் தனிமனித ஆர்வத்திலிருந்து எழுந்தது என்று இரண்டுக்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்தச் சுவரில் நிறைய வாசல்களைக் கண்டார்கள். முக்கியமாகக் கலை வரலாற்றாளர் பி.என். கோஸ்வாமி. ஹரித்துவார் போன்ற தீர்த்தங்களில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் யாத்ரீகர் பதிவேடுகளைப் புரட்டி, மலைநாட்டு ஓவியக் குடும்பங்களின் வம்சாவளியையே மீட்டெடுத்தார். பண்டித சேவு, அவர் மகன்கள் மானகு, நைன்சுக் என்று பெயர்கள் வந்தன. பாணி என்பது அரசவையைச் சேர்ந்ததல்ல, குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1968இல் கோஸ்வாமி நிறுவினார். நைன்சுக்கின் கோடுகளில் மொகலாயப் பயிற்சி பளிச்சென்று தெரிகிறது. பெயரில்லாத பக்தர் கூட்டம் என்று குமாரசுவாமி எண்ணிய இடத்தில், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த அப்பாவும் அண்ணனும் தம்பியும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தது. கங்கைக் கரையில் தாங்களே எழுதியும் வைத்திருந்தார்கள்.

இதே கேள்வியை அவருடைய வீட்டுக்குள்ளும் கேட்டாக வேண்டும். கண்டி நூலின் படங்களை எடுத்த எதெல், பிரிவுக்குப் பின் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னோடி நெசவாளரானார். தொழில் வடிவமைப்புக்கான அரச விருதைப் பெற்ற முதல் பெண் அவர். இரண்டாவது மனைவி ஆலிஸ் ரிச்சர்ட்சன், ரத்தன் தேவி என்ற பெயரில் பஞ்சாப், காஷ்மீர்ப் பாடல்களைப் பாடினார்; இருவரும் சேர்ந்து கொண்டுவந்த பாடல் தொகுப்புக்குத் தாகூர் முன்னுரை எழுதினார். மூன்றாமவர் ஸ்டெல்லா பிளாக், நடனக் கலைஞர், ஓவியர். நான்காமவர் லூயிசா, அர்ஜென்டினாவில் பிறந்தவர், புகைப்படக் கலைஞர். கடைசிக் காலத்துக் கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிக்காத்தவர். நால்வரின் உழைப்பும் அந்த நூல்களுக்குள் இருக்கிறது. ஆசிரியனுக்குப் பெயர் வேண்டாம் என்பது ஒரு கொள்கை. ஆனால் பெயர் கிடைக்காமல் போவது எப்போதும் பக்கத்தில் இருந்து வேலை செய்தவர்களுக்குத்தான்.

சரி, நடராசருக்கு வருவோம்.

'சிவ நடனம்' என்ற கட்டுரை முதலில் வந்தது நியூயார்க்கில் அல்ல, 1912இல், ஜே.எம். நல்லசாமிப் பிள்ளையோடு இணைத்துப் பேசப்படும் 'சித்தாந்த தீபிகை' என்ற சென்னைச் சைவ இதழில். இது முக்கியமான விஷயம். அந்த இதழைச் சுற்றியிருந்தவர்கள் திருமந்திரம், சிவஞானபோதம், உண்மை விளக்கம் போன்ற நூல்களை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். குமாரசுவாமி தமிழ் கேட்டு வளர்ந்தவர் அல்ல. கட்டுரைக்கு வேண்டிய கல்லும் சுண்ணாம்பும் இந்தத் தமிழ்ச் சைவ அறிஞர்களிடமிருந்து வந்தன. திருமந்திரத்தின் திருக்கூத்துத் தரிசனப் பகுதியிலிருந்து 'எங்கும் சிதம்பரம் எங்கும் திருநட்டம்' என்ற கருத்தை எடுத்தார். உண்மை விளக்கத்திலிருந்து ஐந்தொழில் விளக்கத்தை எடுத்தார்: உடுக்கை படைப்பு, அமைந்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய கால் அருள். பிறகு இவற்றையெல்லாம் சேர்த்து, செப்புச் சிலை ஒன்றின் ஒவ்வோர் அங்கத்தோடும் பொருத்தி, ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் புரியும்படி எழுதினார்.

1918இல் நியூயார்க்கில் 14 கட்டுரைகள் கொண்ட நூலாக அது வந்தது. நூலுக்குத் தலைப்பே அந்தக் கட்டுரைதான். 1921இல் பாரிஸில் வெளியான சிவச் சிற்பங்கள் பற்றிய தொகுதியில் பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் எழுத்தோடு குமாரசுவாமியின் எழுத்தும் சேர்ந்து வந்தது. திருவாலங்காட்டிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் ரோதான் தன் பகுதியை எழுதியிருந்தார். 2004 ஜூனில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இந்திய அரசு அன்பளித்த நடராசர் நிறுவப்பட்டபோது, பக்கத்துப் பலகையில் குமாரசுவாமியின் வரி ஒன்று பொறிக்கப்பட்டது. உலகில் எங்கே நடராசரைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் கட்டுரையின் வாடை அடிக்கும். பல சமயம் பேசுபவருக்கே அது தெரியாது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் உண்டு. இன்று நமக்குப் பழகிய இந்த நடராசர் வடிவம் சோழ நாட்டில் பரவலாவது 10ஆம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவியின் காலத்தில். உண்மை விளக்கமோ 13ஆம் நூற்றாண்டு நூல். மெய்கண்டாரின் மாணவர் மனவாசகங்கடந்தார் எழுதியது. சிலை செய்து முந்நூறு ஆண்டு கழித்து எழுதப்பட்ட விளக்கத்தைச் சிலை செய்தவனின் மனத்தில் இருந்ததாக எப்படிக் கொள்வது? 1999இல் கலை வரலாற்றாளர் பத்மா கைமல் இந்தக் கேள்வியை விரிவாக எழுப்பினார். சோழர் காலத்தில் இந்த உருவத்துக்குச் சுடுகாட்டு ஆட்டம், அழிக்கும் வல்லமை, அரச அதிகாரம் என்று வேறு பொருள்களும் இருந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. காரைக்கால் அம்மையார் பாடிய கூத்தை நினைத்துப் பாருங்கள். திருவாலங்காட்டில் பேய்கள் நடுவே, எரியும் பிணங்களுக்கு இடையே ஆடுகிறவர் அந்தச் சிவன். அந்த அச்சம் குமாரசுவாமியின் கட்டுரையில் வெகுவாகத் தணிந்து, தத்துவ ஒளி கூடிவிட்டது. செய்தவன் என்ன தெரிந்து செய்தான் என்பதே கேள்வி என்று சொன்னவர், இந்த இடத்தில் செய்தவனை விட்டுவிட்டு உரைகாரனைக் கேட்டுவிட்டார். இதனால் கட்டுரை வீணாகிவிடாது. 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சைவர்கள் நடராசரை எப்படிக் கண்டார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை இல்லை. அது சிலையின் பிறப்புக் கதை அல்ல, சிலை வாழ்ந்த கதை என்று படித்தால் போதும்.

அமெரிக்கா போன காரணம் அரசியல். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சேர அவர் மறுத்தார். இந்தியா அடிமையாக இருக்கையில் இந்தியர் ஏன் அந்தப் படையில் சேரவேண்டும் என்பது அவர் கேள்வி. அதற்கு முன்பே தன் சேகரிப்பை வைத்துக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார். கட்டடத்துக்குப் பணம் தர ஆள் வரவில்லை. 1917இல் பாஸ்டன் செல்வர் டென்மன் ராஸ் அந்தச் சேகரிப்பை வாங்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கூடவே குமாரசுவாமிக்கு இந்தியப் பிரிவின் பொறுப்பும் கிடைத்தது. முப்பது ஆண்டு, சாகும்வரை, அங்கேயே. காங்ரா ஓவியம் பாஸ்டனில் ஏன் இருக்கிறது என்று ஆத்திரப்படுகிறவர்கள், காசி வேண்டாம் என்று சொன்ன கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பாஸ்டன் ஆண்டுகளில் அவர் வேலை அசுரத்தனமானது. அபிநய தர்ப்பணம் என்ற வடமொழி நடன நூலை ஆந்திர விடுதலை வீரர் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து 1917இல் ஆங்கிலத்தில் தந்தார். 1927இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு. அதே ஆண்டு புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றிய நீண்ட கட்டுரை. புத்தரை மனித உருவில் முதலில் செய்தவர்கள் காந்தாரத்தின் கிரேக்க மரபுச் சிற்பிகள் என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே சொல்லியிருந்தார். ஐரோப்பாவில் அது வேதவாக்கு. மதுராவில் யட்சர் என்ற நாட்டார் தெய்வங்களின் சிலைகள் முன்பே இருந்தன, நிமிர்ந்து நிற்கும் அந்தக் கனத்த உருவங்களிலிருந்தே புத்தர் வந்தார் என்று குமாரசுவாமி சிலைகளை வரிசைப்படுத்திக் காட்டினார். உணர்ச்சிவசப்பட்ட தேசிய வாதமாக அல்ல, தோள், கை, ஆடை மடிப்பு என்று அங்குலம் அங்குலமாக. இன்றும் விவாதம் முடியவில்லை. ஆனால் மதுராவை ஒதுக்கிவிட்டு யாரும் பேச முடியாது. யட்சர்களைப் பற்றி 1928இலும் 1931இலும் அவர் எழுதிய இரண்டு பகுதிகள், மரமும் நீரும் சார்ந்த நாட்டார் வழிபாட்டைக் கலை வரலாற்றின் நடுவுக்குக் கொண்டுவந்தன. என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த ஆய்வு அதுதான்.

1930களில் எழுத்து வேறு பக்கம் திரும்பியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே கெனோனின் தாக்கத்தில், எல்லா மரபுகளுக்கும் அடியில் ஒரே மெய்ப்பொருள் ஓடுகிறது என்பதை நிறுவுவதே நோக்கமாயிற்று. ஒரு பக்கத்தில் உபநிடதம், எக்ஹார்ட், பிளாட்டோ, தாமஸ் அக்வினாஸ், ரூமி எல்லோரும் வருவார்கள். அடிக்குறிப்பு மேல்பக்கத்தை விழுங்கிவிடும். ஒவ்வொரு மனிதனும் ஒருவகைக் கலைஞனே, கலைஞன் என்று தனிப்பிறவி இல்லை என்ற அவருடைய புகழ்பெற்ற நிலைப்பாடு இக்காலத்தில்தான் கூர்மை பெற்றது. அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டே, இங்கிருக்கும் எதுவும் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்படவில்லை என்று அருங்காட்சியகத்தாரிடமே வாதாடினார். அழிவு நெருங்காத, உயிரோடிருக்கும் கலைஞர்களின் படைப்பை அருங்காட்சியகம் வைக்கத் தேவையில்லை என்றும் 1940களில் எழுதினார். 1924இலோ உயிரோடிருந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் படங்களை அதே அருங்காட்சியகத்துக்குப் பெற்றுத் தந்தவர் அவர்தான். அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களில் புகைப்படத்தைக் கலையாக ஏற்றதில் அது முன்னோடி நிகழ்வு.

இந்தப் பிற்காலத்தில், ஏன் முற்காலத்திலும், நம்மால் ஏற்க முடியாதவை உண்டு. பிறப்பால் தொழில் என்ற ஏற்பாட்டைக் கைவினையின் காவல் என்று கண்டவர், அதே ஏற்பாடு யாரை மண்ணில் அழுத்தியது என்று பார்க்கவில்லை. கண்டி நூலுக்காக உட்கார்ந்து பேசிய கைவினைஞரிடம் நிலம் பற்றிக் கேட்டார். அவமானம் பற்றிக் கேட்டாரா? சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஆதரித்து 1912இல் எழுதினார்; 'சிவ நடனம்' நூலிலேயே பெண்களின் நிலை பற்றிய கட்டுரையில் அந்த வாதம் இருக்கிறது. இவற்றை மரியாதைக்காக மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்கும் நியாயமில்லை, படிப்பவருக்கும் நியாயமில்லை.

1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் அவருக்கு 70 வயது. பாஸ்டனில் நடந்த விருந்தில், ஓய்வு பெற்று இந்தியா திரும்பும் எண்ணத்தைச் சொன்னார். செப்டம்பர் 9 அன்று பாஸ்டன் அருகே நீடம் ஊரில் உள்ள வீட்டில் காலமானார். 1977இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய கட்டுரைகளை இரண்டு தொகுதிகளாகவும், ரோஜர் லிப்சி எழுதிய வாழ்க்கை வரலாற்றை மூன்றாம் தொகுதியாகவும் வெளியிட்டது. கொழும்பு 7இல் கிரீன் பாத் என்று இருந்த சாலை இன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தேசியக் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது.

அவரைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வழக்கமாக 'சிவ நடன'த்தில் நுழைந்து, 1940களின் கட்டுரைகளில் மூச்சுத் திணறி வெளியேறிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் கண்டி நூல். முழுக்க வேண்டாம், கைவினைஞரின் நிலை பற்றிய இயல்களும் ஓவியம் பற்றிய இயலும் போதும். அப்புறம் யட்சர். அதன்பின் நடராசருக்குப் போகும்போது, பக்கத்தில் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.